பால் பல்லைக் கூரையில் எறிவதா, பாங்கியில் போடுவதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு நண்பர் தம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதுகிறவர்; யோசிக்காமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதவர். குழந்தைக்கு ஆறு வயது நிறைந்து ஏழு நடக்கிறது. அதன் கீழ்வரிசை முன்பல் ஒன்று, காற்றில் ஆடும் கதவைப் போல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஸார், நீங்கள் ஸயன்ஸ் படித்தவர்கள். ஒரு யோசனை சொல்ல வேண்டும். இந்தப் பல் இந்த வாரத்தில் விழுந்துவிடும். இதைக் கூரையில் எறிவதா, பாங்கியில் போடுவதா?" என்றார்.

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வர்ணப் படங்கள் நிறைந்த ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். குழந்தைகளின் பால் பல்லுக்குள் 'ஸ்டெம் ஸெல்' என்னும் அற்புத அணுக்கள் இருக்கின்றனவாம். அவற்றை எடுத்துக் கடுங்குளிரில் உறையவைத்துப் பத்திரப்படுத்துவார்களாம். பிற்காலத்தில் அக்குழந்தைக்கு எந்த நோய் வந்தாலும் அவை கைகொடுக்குமாம். விழுந்த பல்லுக்குப் பதில் புதுப் பல்லே முளைக்கச் செய்யலாமாம். முதலில் பல ஆயிரம் ரூபாய்; அப்புறம் வருஷா வருஷம் வாடகை.

"பணத்துக்கு என்ன வழி?" என்று கேட்டேன்.

"வீட்டில் ஒரு ஜோடி வளையல் இருக்கிறது, ஸார். அடகு வைக்கலாம் என்று பார்க்கிறேன். நாளைக்கு இவளுக்கு ஒன்று என்றால், 'அன்றைக்கு அப்பா செய்யாமல் விட்டுவிட்டாரே' என்று ஆகிவிடக் கூடாதல்லவா?"

உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தாயார் வாசலுக்கு வந்துவிட்டார். "ஏம்ப்பா, விழுந்த பல்லைப் போய் யாராவது பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களா? சாணி உருண்டையில் வைத்துக் கூரையில் எறிய வேண்டியதுதானே? இப்போது கூரை எங்கே இருக்கிறது, மொட்டை மாடியிலாவது எறி" என்றார்.

தாயார் பேசியது வழக்கம். நண்பர் காட்டியது விளம்பரம். இரண்டுக்கும் நடுவே உண்மை எங்கேயோ இருக்க வேண்டும். "இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள், அதுவரையில் வளையல் கையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு நாளும் படித்தும், என்னிடம் முன்னே வாசித்து இப்போது பல் வைத்தியராக இருக்கும் ஒரு மாணவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி நேயர்களில் பலர் வீட்டு வாசலுக்கும் வரக்கூடும்.

பல் என்னும் வீடு

பல்லை நாம் ஏதோ கல்லைப் போன்ற ஒரு துண்டு என்று எண்ணுகிறோம். வாஸ்தவத்தில் அது உயிர் குடியிருக்கும் ஒரு சிறு வீடு. அந்த வீட்டின் வெளிப்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். நம் சரீரத்தில் இதைவிடக் கடினமான பொருள் வேறு கிடையாது. எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாது உப்புதான். பூச்சுக்கு உட்புறத்தில் டென்டின் என்னும் சுவர். சுவருக்குள்ளே ஓர் அறை. அந்த அறையில் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் உயிரணுக்களும் நிறைந்த மெல்லிய சதை இருக்கிறது. அதைப் பல்கூழ் என்று சொல்வார்கள். வேரின் நுனியிலுள்ள சின்னஞ்சிறு துவாரந்தான் அந்த அறைக்கு வாசல்.

இந்த வீட்டைக் கட்டுகிறவர்கள் இரண்டு கோஷ்டிக் கொத்தனார்கள். வெளிப்பூச்சுப் பூசும் அணுக்கள், பல் ஈறைப் பிளந்துகொண்டு வெளியே வருவதற்குள் வேலையை முடித்துவிட்டு அடியோடு மறைந்து போகின்றன. ஆகையால், எனாமலில் குழி விழுந்துவிட்டால் மறுபடியும் பூச நம் உடம்பில் ஆள் கிடையாது. மிக ஆரம்ப நிலையில் மட்டும் உமிழ்நீரிலுள்ள உப்புகள் ஓரளவு ஈடு செய்யும். குழி விழுந்தபின் அதுவும் இயலாது. உட்சுவரைக் கட்டுகிற கொத்தனார்களோ வீட்டை விட்டுப் போகிறதில்லை. சுவரை ஒட்டினாற்போல் அறைக்குள்ளேயே ஆயுள் முழுவதும் குடியிருந்து, அவசியம் நேரும்போது சுவரைத் தடிப்பாக்குகிறார்கள். அவர்களில் சிலர் மாண்டுபோனால், அறையில் இருக்கும் சித்தாட்கள் முன்வந்து கரண்டியைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சித்தாட்கள்தான் 'ஸ்டெம் ஸெல்'கள். தமிழில் குருத்தணு என்று சொல்லலாம். வைகைக் கரைத் தோட்டங்களில் வாழையைப் பாருங்கள். தார் வெட்டியபின் மரத்தைச் சாய்த்துவிடுகிறோம். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பக்கக் கன்றை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதுபோல, தானும் அழியாமல் இருந்துகொண்டு, இன்ன தொழில் என்று ஏற்படாத இளம் அணுக்களை ஈன்று, அவை தேவைக்குத் தக்கபடி தொழில் பழகும்படி செய்வது குருத்தணுவின் இயல்பு.

பற்சொத்தை இந்த வீட்டில் புகும் திருடன். நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் வாயிலுள்ள கிருமிகள் தின்று திராவகம் உண்டாக்குகின்றன, திராவகம் பூச்சைக் கரைக்கிறது, பிறகு சுவர், பிறகு அறை. உடம்பில் வேறெங்கே வீக்கம் கண்டாலும் சதை விரிந்து இடம் கொடுக்கும். பல்லின் அறையிலோ நாற்புறமும் கற்சுவர். வீங்க இடமில்லாமல் நரம்பு நசுங்குவதனால்தான், பல்வலி வந்தவன் இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடக்கிறான்.

அடைப்பது பழைய வித்தை

சொத்தைப் பல்லைக் குடைந்து சரி செய்வது நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். இப்போது பாகிஸ்தானில் உள்ள பலூசிஸ்தானத்தில் மெஹர்கர் என்னும் இடத்தில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இடுகாட்டில், ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்கள் கல் ஊசியால் துளையிடப்பட்டிருக்கக் கண்டார்கள். இச்செய்தி 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அன்றுமுதல் இன்றுவரை, குடைவதும் அடைப்பதுமே பல் வைத்தியத்தின் முக்கிய வித்தையாக இருந்துவருகிறது.

அறைக்குள்ளிருக்கும் கூழே அழுகிவிட்டால், அதை முழுவதும் வழித்தெடுத்து, வேரின் குழாயைச் சுத்தம் செய்து, மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து வரும் கட்டபர்ச்சா என்னும் பிசினை வைத்து அடைக்கிறார்கள். 'ரூட் கானல்' என்று எல்லோரும் சொல்லும் சிகிச்சை இதுதான். நல்ல சிகிச்சை, கோடிக்கணக்கான பற்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால், வீடு நிற்கிறதே தவிர, குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பல்லுக்குக் குளிரும் சூடும் தெரியாது. மறுபடியும் சொத்தை விழுந்தால் வலித்து எச்சரிக்கவும் தெரியாது. சிறு பிள்ளைகளுக்கோ இன்னும் கஷ்டம். வேர் முழுவதும் வளர்வதற்குள் கூழ் இறந்துபோனால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். மெல்லிய சுவரோடு கூடிய அந்தப் பல் பின்னால் எளிதில் முறிந்துபோகும்.

ஆகவே, காலி வீட்டில் மறுபடியும் குடிவைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு விஞ்ஞானிகள் அளித்திருக்கும் பதில் அவ்வளவு அற்பமானதல்ல.

விழுந்த பல்லில் இருந்த விதை

2000-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பெதெஸ்டா நகரத்திலுள்ள தேசீய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில், கிராந்தாஸ், ஷி முதலியவர்கள், பிடுங்கி எறியப்பட்ட ஞானப் பற்களின் கூழிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றை எலியின் தோலுக்கடியில் வைத்தபோது, டென்டின் போன்ற சுவரையும் அதனுள் கூழ் போன்ற சதையையும் உண்டாக்கின. சித்தாட்கள் இருப்பது அன்று நிரூபணமாயிற்று.

ஸாங்டாவ் ஷி குழந்தைகளின் பல் வைத்தியத்தில் பயிற்சி பெற்றவர். ஆறு வயதான தம் மகளுக்குப் பால் பல் விழுந்தபோது, அதனுள் சிவந்த சதை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். எல்லாத் தகப்பன்மாரும் பார்ப்பதுதான். அவர் அதை ஆராய்ச்சிசாலைக்குக் கொண்டுபோனார். இதன் பலனாக 2003-ல் வெளியான கட்டுரையில், விழுந்த பால் பல்லிலும் குருத்தணுக்கள் உயிரோடு இருக்கின்றன என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் தெரிவித்தார்கள். ஒரு முன்பல்லில் அவர்களுக்குக் கிடைத்தது சுமார் பன்னிரண்டு முதல் இருபது அணுக்கள் வரையில்தான். ஆனால் அவை தட்டில் வைத்து வளர்த்தால் வெகு வேகமாகப் பெருகின. மறு வருஷமே, வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நாரிலும் குருத்தணுக்கள் உண்டென்று தெரியவந்தது.

ஆக, நாம் தலைமுறை தலைமுறையாகக் கூரையில் எறிந்துவந்த பல்லில் விதை இருந்தது உண்மைதான். துண்டுப் பிரசுரத்தின் முதல் வாக்கியம் பொய்யல்ல.

விதையும் மரமும்

ஆனால், விதை இருக்கிறது என்பதும் மரம் வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. இந்த இருபத்தைந்து வருஷத்தில் என்ன நடந்திருக்கிறது?

முழுப் பல்லை எடுத்துக்கொள்வோம். 2009-ல் ஜப்பானில் ஸுஜியின் குழுவினர், கருவிலுள்ள சுண்டெலியின் பல் முளையிலிருந்து இரண்டு வகை அணுக்களை எடுத்துச் சேர்த்து, வளர்ந்த சுண்டெலியின் தாடையில் நட்டார்கள். அது பல்லாகவே முளைத்தது, எதிர்ப் பல்லோடு பொருந்திக் கடித்தது, வலியும் உணர்ந்தது. பெரிய வெற்றி. எனினும், இரண்டு வகை அணுக்கள் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சுவர் கட்டும் கோஷ்டி நம்மிடம் இருக்கிறது. எனாமல் பூசும் கோஷ்டியோ பல் முளைத்தபோதே போய்விட்டது. பால் பல்லின் கூழில் அவர்கள் இல்லை. முழுப் பல்லுக்கு வழி இன்னும் திறக்காததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கூழை மட்டும் திருப்பிக் கொணரும் முயற்சி மனிதர்களிடமே நடந்திருக்கிறது. ஜப்பானில் நகாஷிமா என்னும் பெண் விஞ்ஞானி, கூழ் கெட்டுப்போன ஐந்து பேருக்கு, அவரவருடைய வேண்டாத வேறொரு பல்லிலிருந்து எடுத்த குருத்தணுக்களை வைத்துப் பார்த்தார். 2017-ல் வெளியான முடிவின்படி, நாலு பேருடைய பல்லுக்கு உணர்ச்சி திரும்பிற்று. மூன்று பேரிடம் புது டென்டின் தென்பட்டது.

2018-ல் சீனத்தில் ஸியான் நகரத்து வைத்தியர்கள், விழுந்து அடிபட்டு முன்பல்லின் கூழ் இறந்துபோன 40 பேரை எடுத்துக்கொண்டு செய்த பரிசோதனையை வெளியிட்டார்கள். முப்பது பேருக்கு, அவரவர் வாயிலேயே இருந்த ஒரு பால் பல்லின் அணுக்களை வளர்த்து, இறந்த பல்லுக்குள் வைத்தார்கள். பத்துப் பேருக்குப் பழைய சிகிச்சை. முடிவில் பரிசீலிக்கப்பட்டவர்கள் 36 பேர். குருத்தணு வைத்த பிள்ளைகளின் பல் வேர் நீண்டு வளர்ந்தது. ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் திரும்பின. இறந்த பல் உயிர் பெற்றது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால், இங்கே உபயோகித்தவை அப்போதே எடுத்து அப்போதே வளர்த்த அணுக்கள். வாடகை கொடுத்துப் பல வருஷம் உறையவைத்தவை அல்ல.

2024-ல் கியோட்டோ சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் தொடங்கிய மற்றொரு பரிசோதனையைப் பற்றி நேயர்கள் பத்திரிகையில் படித்திருக்கலாம். அதில் அணு எதையும் நடுவதில்லை. பல் முளையை வளரவொட்டாமல் தடுக்கும் ஒரு புரதத்தை அடக்கும் மருந்து அது. சுண்டெலியிடமும் பெரெட் என்னும் பிராணியிடமும் அதனால் அதிகப் பல் முளைத்தது. பல் குறைந்த 30 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களிடம் நடந்த முதற் பரிசோதனையின் நோக்கம், மருந்து கெடுதல் செய்யாதா என்று பார்ப்பதே.

நம் நாட்டில்

இதெல்லாம் அயல்நாட்டுக் கதை; நம்மவர் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். புது டில்லியில் எய்ம்ஸ் என்று வழங்கும் அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தில், டாக்டர் நஸீம் ஷாவும் டாக்டர் அஜய் லோகானி முதலியவர்களும் ஒரு பரிசோதனை செய்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். வேர் வளராத நிலையிலேயே கூழ் இறந்து சீழ்ப்பிடித்த 14 பற்கள். முதலில் கிருமியை ஒழித்தார்கள். பிறகு, பல்லை அடைக்காமல், வேரின் நுனிக்கு அப்பால் ஊசியால் மெல்லத் தூண்டி, குழாய்க்குள் ரத்தம் கசிந்து உறையும்படி செய்தார்கள். வேர் நுனியை ஒட்டி இயற்கையாகவே குருத்தணுக்கள் இருக்கின்றன; ரத்தத்தோடு அவையும் உள்ளே வந்து குடியேறும் என்பது எண்ணம். 14-ல் 13 பற்களில் வேரைச் சுற்றியிருந்த நோய் நன்றாக ஆறிற்று. மூன்று பற்களில் வேர் நீண்டு சுவரும் தடித்தது.

மூன்றுதானா என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். அந்த மூன்று பற்களில், நின்றுபோன வளர்ச்சி மறுபடியும் தொடங்கியிருக்கிறது. உள்ளே உண்டாகும் சதை அநேகமாக அசல் கூழாக இல்லாமல் எலும்பைப் போன்றதாக இருக்கிறது என்ற குறை இம்முறைக்கு உண்டு. ஆனாலும் இதற்குப் பாங்கி வேண்டாம். வளையலை அடகு வைக்க வேண்டாம். நோயாளியின் ரத்தமும் வைத்தியரின் கையும் போதும். இன்று குழந்தைகளின் பல்லுக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய குருத்தணுச் சிகிச்சை எது என்று கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும்.

குருத்தணு என்றாலே ஏமாற்று என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. ஹைதராபாத்தில் எல். வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரியில், திராவகமோ சுண்ணாம்போ பட்டுக் கருவிழி கெட்டவர்களுக்கு, குருத்தணுக்களை வைத்துப் பார்வை அளித்து வருகிறார்கள். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் அந்த அணுக்கள் இருக்கின்றன. நம் மதுரையும் இதில் பின்தங்கவில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில், பேராசிரியர் வீ. ஆர். முத்துக்கருப்பனும் மற்றவர்களும், அந்த விளிம்பிலுள்ள அணுக்களுள் குருத்தணு எது, மற்றது எது என்று அடையாளம் காணும் வழியை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். கோரிப்பாளையத்திலிருந்து அண்ணா நகருக்குப் போகிற தூரத்தில் இந்த வேலை நடந்திருக்கிறது என்பதை என் மாணவர்களுக்கு நான் வருஷந்தோறும் சொல்வதுண்டு.

கண்ணில் பலித்தது பல்லில் ஏன் இன்னும் முழுவதும் பலிக்கவில்லை? கருவிழியின் மேல் தோல் காகிதத்தைப் போல் மெல்லியது. ஒரே வகை அணு பரவினால் போதும். பல்லோ பூச்சும் சுவரும் அறையும் வேரும் நாருமாக ஐந்து வேலை சேர்ந்த கட்டடம். துணி தைப்பதற்கும் தேர் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

பாங்கியின் கதை

இனி, நண்பரின் கேள்விக்கு வருவோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் மத்திய அரசாங்கத்தின் உயிரியல் தொழில்நுட்ப இலாகாவும் சேர்ந்து 2017-ல் குருத்தணு ஆராய்ச்சிக்கான தேசீய நெறிமுறைகளை வெளியிட்டன. பிரசவத்தின்போது கிடைக்கும் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் பாங்கிக்கு மட்டுமே அவை இடங்கொடுத்தன. பல் முதலிய மற்றவற்றை வியாபார முறையில் சேமிப்பதற்கு, மறு அறிவிப்பு வரும் வரையில், அனுமதி இல்லை என்று தெளிவாகக் கூறின. துண்டுப் பிரசுரத்தை நான் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். இந்தச் செய்தி மட்டும் எந்த மூலையிலும் இல்லை.

சட்டத்தை விட்டுவிட்டு நியாயத்தைப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. முதலாவது, சேமித்த பால் பல் அணுவைக் கொண்டு இன்ன நோய்க்கு இன்ன சிகிச்சை என்று ஏற்பட்டதாக ஒன்றும் நம் நாட்டில் இன்று வழக்கத்தில் இல்லை. இரண்டாவது, பால் பல் விழுவதே, அடியில் வரும் நிலைப் பல்லுக்கு வழிவிட அதன் வேர் கரைந்துபோவதனால்தான். தானாக விழும் சமயத்தில் உள்ளே கூழ் சொற்பம். சொத்தை இருந்தால் அதுவும் கெட்டிருக்கும். மூன்றாவது, பாங்கி நடத்துகிறவர்கள் இன்னும் முப்பது வருஷம் இருப்பார்களா, மைனஸ் 196 டிகிரிக் குளிரில் தொட்டி ஒரு நாளும் ஓயாமல் இயங்குமா என்பதற்கு ஜாமீன் யார்? நாலாவது, இதே ஜாதிக் குருத்தணு முதலில் அகப்பட்டது ஞானப் பல்லில் என்று மேலே சொன்னேனல்லவா? பால் பல் போனால் வாய்ப்பு அடியோடு போயிற்று என்று பயமுறுத்துவது நியாயமல்ல. வளர்ந்தபின் அநேகருக்கு வாயிலேயே ஒரு சேமிப்பு இருக்கிறது. அதற்கு வாடகையும் இல்லை.

இவ்வளவும் சொன்னபின், பெற்றோர் தைரியமாகக் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. "உங்களுக்கு அரசாங்க அனுமதி எந்த விதியின் கீழ் இருக்கிறது?" "இதனால் இந்நாட்டில் இதுவரை குணமான நோய் எது?" "கம்பெனி மூடினால் என் பணமும் பல்லும் என்ன ஆகும்?" மூன்றுக்கும் எழுத்து மூலமாகப் பதில் வாங்கிக்கொண்டு அப்புறம் பையைத் திறக்கலாம்.

நான் செய்த பிழை

இவ்வளவு கண்டிப்பாகப் பேசும் நான், பல் விஷயத்தில் ஒரு பெரிய பிழை செய்தவன். அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து மைதானத்தில் சடுகுடு விளையாடிய ஒரு பையன் முகங்குப்புற விழுந்தான். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு வந்து மண்ணில் கிடந்தது. பால் பல் அல்ல, நிலைப் பல். அருகில் இருந்தவன் நான். சுத்தமாக இருக்கட்டுமே என்று குழாயடியில் வேரை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, அவர்கள் வந்தபின், வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வைத்தியர் பல்லைப் பார்த்துவிட்டு, "வேரின் மேல் இருந்த உயிரை நீங்களே தேய்த்துவிட்டீர்களே, ஸார்" என்றார். அவர் அதைப் பொருத்திக் கட்டினார். ஆனால் சில வருஷங்களில் வேர் கரைந்து பல் போய்விட்டது. அந்தப் பையன் இப்போது பெரியவனாகிவிட்டான். அவனுடைய கல்யாணப் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

வேரின் மேல் ஒட்டியிருக்கும் நாரில் குருத்தணு இருக்கிறது என்று மேலே சொன்னேன். நான் குழாயடியில் கழுவிவிட்டது அதைத்தான். அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது நாலே வரி. நேயர்கள் தயவு செய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைப் பல் வேரோடு விழுந்தால், மேல்பாகத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது. அழுக்கிருந்தால் சில விநாடி மட்டும் சுத்த ஜலத்தில் அலசி, தேய்க்காமல், இருந்த குழியிலேயே பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். அது முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பாலில் அந்த அணுக்கள் சிறிது நேரம் உயிரோடிருக்கும். ஒரு மணிக்குள் பல் வைத்தியரிடம் போய்விட வேண்டும். பால் பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது. கீழே வளரும் பல்லுக்கு அது கெடுதல்.

எந்தப் பிரசுரமும் இதைச் சொல்லி வீடு தேடி வருவதில்லை. ஒரு தம்ளர் பாலை விற்று யார் லாபம் சம்பாதிக்க முடியும்?

வளையல் திரும்பிற்று

இரண்டாம் நாள் மாலை நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், "அப்படியானால் நான் குழந்தைக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றல்லவா ஆகிறது?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த ஏக்கம் என்னைச் சங்கடப்படுத்திற்று. விளம்பரக்காரர்கள் விலை பேசுவது பல்லை அல்ல, இந்த ஏக்கத்தைத்தான்.

"செய்யவேண்டியது இருக்கிறது. நாளைக் காலை பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்" என்றேன்.

போய்வந்தார். குழந்தைக்குக் கடைவாயில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே புதிதாக ஒரு பல் முளைத்திருக்கிறதாம். ஆறு வயதில் வரும் முதல் நிலைக் கடைவாய்ப் பல் அது. விழுந்து முளைக்காததனால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். எப்படியும் விழப்போகிறதுதானே என்று கவனியாமல் விட, சொத்தை பிடித்துவிடுகிறது. ஆயுள் முழுவதும் மெல்ல வேண்டிய பல் அது. வைத்தியர் அதன் பள்ளங்களைச் சுத்தம் செய்து, சொத்தை புகாதபடி மேலே பூசி மூடி, இரவில் படுக்குமுன் பல் துலக்க வேண்டும், தின்பண்டத்தைச் சாப்பாட்டு வேளைக்கு ஒதுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம். அந்தப் பல்லின் அறைக்குள் இருக்கும் குருத்தணுக்கள் இனிப் பத்திரம். உறையவைக்காத, வாடகையில்லாத பாங்கி அதுதான்.

ஆடிய பல் வியாழக்கிழமை விழுந்தது. என் தாயார் எங்கிருந்தோ சாணி வரவழைத்துவிட்டார். குழந்தை மொட்டை மாடிக்குப் போகுமுன் என்னிடம் வந்து, "மாமா, இதுக்குள்ளே விதை இருக்காமே, மாடியிலே போட்டா முளைக்குமா?" என்று கேட்டது.

"அங்கே முளைக்காது, அம்மா. உன் வாயில் ஏற்கெனவே முளைத்துவிட்டது, அதைப் பார்த்துக்கொள்" என்றேன்.

பொக்கை தெரியச் சிரித்துவிட்டு ஓடிற்று. பின்னாலேயே அதன் தாயாரும் மாடிப்படி ஏறினார். கையில் வளையல் இருந்தது.